யார் எழுதினால் செல்லும்?

திருப்பூர்,
9-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அனிதா எழுதுகிறேன். சேலத்து வெயில் எப்படி இருக்கிறது, அந்த இருமல் விட்டதா என்று முதலில் சொல்லுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவைப் பற்றியும் அப்படியே எழுதக் கை வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சிறையிலிருந்து நீங்கள் போன் செய்யும் சில நிமிடங்களையும் அம்மாவே எடுத்துக்கொள்கிறார். "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கறேன்" என்று உங்களிடம் சொல்லிவிட்டு, போனை என் கையில் கொடுத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மார்பில் இருந்த புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இறங்கிவிட்டது. இனி அறுவை சிகிச்சைக்கு வேலை இல்லை, வலியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த "மட்டும்"தான் என்னால் முடியவில்லை. முப்பது வருடம் பனியன் கம்பெனியில் குனிந்து பிசிறு வெட்டியபோதுகூட ஒரு நாள் முதுகு வலி என்று உட்காராதவர், இப்போது ஒருக்களித்துப் படுக்க என்னைக் கூப்பிடுகிறார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மார்பின்னு ஒரு வலி மாத்திரை இருக்குதுங்க, அது கெடச்சா அம்மா தூங்குவாங்க. ஆனா எல்லாரும் அதை எழுத முடியாதுங்க." யார்தான் எழுதலாம் என்று கேட்டேன். "அதுக்குன்னு ஆள் இருக்காங்க" என்று போய்விட்டார்.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. செக்கிங் வேலை பார்க்கிறவள். ஒரு பீஸில் ஓட்டை இருந்தால் எந்த மெஷினில் விழுந்தது என்று தெரிகிற வரை எனக்குச் சோறு இறங்காது. நீங்கள் பதினாறு வருடம் மெடிக்கல் கடை நடத்தியவர், மருந்துக்குப் படித்தவர். குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. கேட்க எனக்கு வேறு ஆளில்லை. யார் எழுதினால் அந்த மாத்திரை கிடைக்கும்? நர்ஸ் எழுதலாமா? பல் டாக்டர்? பிசியோதெரபி செய்கிறவர்? நீங்கள் எழுதினால் செல்லுமா?

மறக்காமல் பதில் போடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் தங்கை,
அனிதா


சேலம்,
17-6-2024

கண்ணு அனிதாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இருமல் போய்விட்டது, வெயில் போகவில்லை. உன் கடிதத்தை எனக்கு முன்னால் இங்கே அதிகாரி படித்தார். "தங்கச்சி வக்கீலுங்களா?" என்று கேட்டார். இல்லை, அதைவிட மோசம், செக்கிங் என்றேன்.

கேட்டதற்கு வரிசையாகச் சொல்கிறேன். முதலில் என்னைத் தள்ளிவிடு. மருந்துக்குப் படித்தவன் எழுதியிருக்கிற மருந்தைக் கொடுக்கலாம், எழுதக் கூடாது. நர்ஸ் டாக்டர் எழுதிவைத்ததைப் போட்டுவிடலாம், தானாக எழுதக் கூடாது. உன்னிடம் காதோடு சொன்ன நர்ஸுக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். இருந்தும் கை எழுதாது. பிசியோதெரபிக்காரர் உடற்பயிற்சி எழுதுவார், அவ்வளவுதான். பல் டாக்டர் வலி மாத்திரை எழுதலாம், ஆனால் பல்லுக்காக. இடுப்பெலும்புக்கு எழுதினால் கடைக்காரன் திருப்பி அனுப்ப வேண்டும். மாட்டு டாக்டரும் எழுதலாம் என்று சொன்னால் சிரிப்பாய். உண்மைதான், மாட்டுக்கு எழுதலாம். மீதி இருப்பது பதிவு செய்த டாக்டர். அதிலும் மார்பினுக்கு வலி வைத்தியத்தில் தனிப் பயிற்சி வாங்கியவராக இருந்தால்தான் காரியம் நடக்கும்.

இதெல்லாம் எனக்கு அப்போதும் தெரியும். ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து, மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டரே எழுதியிருந்தால் தவிர. என்னை இங்கே கொண்டுவந்தது, பனியன் கம்பெனி டெய்லர் ஒச்சம்மாளுக்கு அறுவை சிகிச்சை முடிந்ததும் பத்து டிரமடால் வலி மாத்திரை எழுதிய சீட்டு. கசங்காமல் இருக்கட்டும் என்று அவள் லேமினேஷன் போட்டாள். அவள் ஊருக்குப் போன பிறகும் அது அந்தக் கம்பெனியில் கைமாறிக்கொண்டே இருந்தது. ஷிப்மென்ட் அனுப்பும் அவசரத்தில் இடுப்பு ஒடிய நிற்பவர்கள் கொண்டுவந்து நீட்டுவார்கள். சீட்டுத்தான் இருக்கிறதே என்று எட்டு மாதம் கொடுத்தேன். கட்டிங் மாஸ்டர் ராஜபாண்டி மாத்திரை மயக்கத்தில் கத்தியில் கையை விட்டு இரண்டு விரலை இழந்தார். அவர் விரல் இல்லாமல் இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன்.

அம்மாவைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போ. அங்கே கிடைக்கும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
மருதாசலம்


திருப்பூர்,
2-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் சேர்ந்தது. சுகம் என்று படித்ததில் நிம்மதி. நான் லீவு போட்டு அலைகிறேன். அம்மா நேற்றுக் கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

நீங்கள் சொன்னதை நம்பாமல் இல்லை, இருந்தாலும் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. எதிர்ச் சந்துப் பல் டாக்டர் சிரித்துவிட்டு, "ஏனுங்க, அம்மாவுக்கு ஒரு பல்லாச்சும் ஆடுதுங்களா?" என்றார். சித்த மருத்துவரையும் விடவில்லை. அவர் எண்ணெய் கொடுத்தார், நல்ல வாசனை, வலி அப்படியேதான் இருக்கிறது. இன்சூரன்ஸ் டிஸ்பென்சரி டாக்டரிடம் போனேன். "எழுதறதுக்கு நான் எழுதிருவேன். எழுதுனா எங்கே போய் வாங்குவீங்க? எந்தக் கடையிலயும் அது இருக்காது" என்றார். இது எனக்குப் புதிது. எழுதும் கை ஒன்று, வைத்திருக்கும் அலமாரி ஒன்று என்று இரண்டு இருக்கிறதா?

இன்னொன்றும் நடந்தது. வெள்ளகோவிலில் மாட்டு டாக்டராக இருக்கும் நம் சிவராஜ் மச்சான் அம்மாவைப் பார்க்க வந்தார். அம்மா முனகுவதைக் கேட்டுவிட்டு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "அனிதா, எங்க தோட்டத்துக் காளை பேருல டிரமடால் ஊசி எழுதித் தாரேன். காளைக்கு என்னமோன்னு எழுதிக்கறேன். நீ அத்தைக்குப் போட்டுரு" என்றார். பெரிய படிப்புப் படித்தவர், வேலை போய்விடும் என்று தெரிந்தும் சொன்னார். அண்ணா, எனக்கு ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?

அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

அனிதா


சேலம்,
9-7-2024

கண்ணு அனிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

காளை வேண்டாம். மச்சானிடம் நான் சொன்னதாகச் சொல், அவர் மனசு பெரியது, அளவும் பெரியது. மாட்டின் எடைக்குத் தயாரித்த மருந்து அது. அம்மா முப்பத்தொன்பது கிலோ இருப்பார். யார் எழுதலாம் என்று சட்டம் கோடு போட்டது டாக்டர்களுக்கு மரியாதை செய்வதற்காக இல்லை. எழுதுகிறவருக்கு அந்த உடம்பு தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. எனக்கு ராஜபாண்டியின் உடம்பு தெரியாது. அவருக்கு வலிப்பு இருந்ததுகூட எனக்குத் தெரியாது.

அலமாரி விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டாய். மார்பின் வைத்திருக்க ஆஸ்பத்திரிக்கு அரசு அனுமதி வேண்டும். பயிற்சி பெற்ற டாக்டர் பொறுப்பில் இருக்க வேண்டும். பூட்டிய அலமாரி, தனிப் பதிவேடு, ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண். டாக்டர் இருந்து அனுமதி இல்லாவிட்டாலும் மாத்திரை இல்லை, அனுமதி இருந்து டாக்டர் இல்லாவிட்டாலும் இல்லை. பக்கத்தில் அப்படி இடம் இல்லை. கோயமுத்தூர்தான். தள்ளிப்போடாதே.

அண்ணன்,
மருதாசலம்


திருப்பூர்,
4-8-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? இங்கே மழை ஏமாற்றிக்கொண்டு இருக்கிறது. எனக்குச் சளி. அம்மாவின் கதை கொஞ்சம் நீளம்.

கோயமுத்தூர் போய் வந்தோம். கிடைத்தது. பதினான்கு நாளுக்கு மார்பின் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, மலம் இறுகாமல் இருக்க ஒரு மருந்து. முதல் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் அம்மா "அந்த மின்விசிறி என்னமோ சத்தம் போடுது பாரு" என்றார். அது இரண்டு வருடமாகச் சத்தம் போடுகிறது. அன்றுதான் அவருக்கு அதைக் கேட்க முடிந்திருக்கிறது. நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆனால் போய் வந்த வழியை எழுத முடியவில்லை. அவிநாசி ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்திருக்கிறது. பதினான்கு நாளுக்கு ஒரு தடவை அம்மாவை நேரில் காட்டினால்தான் திரும்ப எழுதுவார்களாம். வீடு வந்ததும், "இனி அந்தக் காருல ஏத்தாத சாமி, வலியே இருக்கட்டும்" என்றார். மாத்திரை தீர்ந்து ஆறு நாள் ஆகிறது. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு நான்கு கடை ஏறினேன். மூன்றாவது கடையில் நின்றபோதுதான் ஒச்சம்மாள் சீட்டுடன் உங்கள் கடைக்கு வந்தவர்களெல்லாம் எப்படி நின்றிருப்பார்கள் என்று புரிந்தது. உங்களையும் கொஞ்சம் புரிந்தது. யாரும் கொடுக்கவில்லை, அதுவும் நல்லதுதான்.

நேற்று வீடு தேடி வந்து பார்க்கும் அரசு நர்ஸ் நாகஜோதி வந்தார். நம் ஏரியாவுக்குப் புதிது. என்னைப் பார்த்து, "ஏன் கோயமுத்தூரு? தாராபுரம் ரோட்டுல டாக்டர் சித்ரகலா ஆஸ்பத்திரி இருக்குல்ல. அவங்ககிட்ட மார்பின் இருக்கே. வீட்டுக்கே வந்து பார்ப்பாங்களே" என்றார்.

டாக்டர் சித்ரகலா. ஒச்சம்மாளுக்கு அந்தச் சீட்டை எழுதியவர், உங்கள் வழக்கில் சாட்சி சொன்னவர். நம் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர்.

நீங்கள் "பக்கத்தில் அப்படி இடம் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாதா, அல்லது அவர் முகத்தில் நான் விழிக்கக் கூடாது என்று விட்டுவிட்டீர்களா? கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அனிதா


சேலம்,
12-8-2024

கண்ணு அனிதாவுக்கு,

நலம். நீ சளிக்கு ஆவி பிடி.

மார்பின் போடும்போது மலம் இறுகாமல் இருப்பதற்கான மருந்தை நிறுத்தக் கூடாது, வலி குறைந்தாலும் நிறுத்தக் கூடாது. முதல் சில நாள் குமட்டல் வரலாம், போய்விடும். அளவாகக் கொடுத்தால் அம்மா அடிமையாகிவிடுவாரோ என்று பயப்பட வேண்டாம். மீதி மாத்திரையைத் தூக்கிப் போடாமல் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இங்கே நூலகத்தில் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன். அப்பீல் டிசம்பரில் வரும் என்று வக்கீல் சொன்னார். ஜெயித்தால் தை மாதம் வீட்டில் இருப்பேன் என்று அம்மாவிடம் சொல்.

அண்ணன்,
மருதாசலம்


திருப்பூர்,
21-8-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் நலம் என்று எழுதியது மகிழ்ச்சி. கேட்டதற்குப் பதில் எழுதவில்லை, பரவாயில்லை. நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

சின்ன ஆஸ்பத்திரி, பன்னிரண்டு கட்டில் இருக்கும். டாக்டர் சித்ரகலா கோர்ட்டில் பார்த்ததைவிடக் குள்ளமாகத் தெரிந்தார். அம்மாவின் பெயர், பழனாத்தாள், என்று எழுதினார். முகவரி சொன்னபோது பேனா கொஞ்சம் நின்றது. அப்புறம் எழுதி முடித்தார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. "எந்தப் பக்கம் படுத்தா சாப்பிடத் தோணுதுங்கம்மா?" என்று கேட்டார். அம்மா யோசித்துப் பதில் சொன்னார். என்னை யாரும் அப்படிக் கேட்டிருந்தால் நானும் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்கள். பதிவேட்டில் அம்மா முப்பத்திரண்டாம் எண். நான் பழக்கதோஷத்தில் பதிவேட்டைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு பக்கமும் நிரப்பவில்லை, வெறுமையாக இருந்தது. ஏனுங்க டாக்டர் என்று கேட்டேன். "அப்ப எங்களுக்கு அனுமதி நிறுத்தி வச்சிருந்தாங்கம்மா. என் பேருல மெடிக்கல் கவுன்சிலுக்கு ஒரு புகார் போச்சு. விசாரணை முடியற வரைக்கும் மார்பின் வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஜூன் கடைசியில தற்காலிகமாத் திருப்பிக் குடுத்தாங்க" என்றார். யார் புகார் செய்தது என்றேன். அம்மாவுக்கு அடுத்த மாத்திரை எப்போது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அம்மா மூன்று நாளாகத் தூங்குகிறார். இன்றைக்குத் தட்டப்பயிறு குழம்பு கேட்டார்.

அண்ணா, அந்தப் புகாரைச் செய்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா? மருந்துக்கடைக்காரர்களுக்குள் இதெல்லாம் பேசிக்கொள்வார்களே.

அனிதா


திருப்பூர்,
14-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று தடவை போன் வந்தது, மூன்று தடவையும் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிட்டீர்கள். கடிதம் இல்லை. அம்மா வாசல் வரை நடந்தார். நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

அனிதா


சேலம்,
29-9-2024

அனிதாவுக்கு,

நலம் விசாரிக்கிற தகுதியோடு இதை எழுதவில்லை. இருந்தாலும் நீயும் அம்மாவும் நன்றாக இருக்க வேண்டும்.

புகார் செய்தது நான்.

ராஜபாண்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், போலீஸ் வருவதற்கு முன்னால், டாக்டர் சித்ரகலா என் கடைக்கு வந்தார். கையில் அந்த லேமினேஷன் சீட்டு. "மருதாசலம், இதை வச்சு எத்தனை பேருக்குக் குடுத்தீங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அவமானம். "கையெழுத்து உங்களுதுங்க, தப்பும் உங்களுது" என்றேன். அவர் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். திட்டாமல் போனது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வழக்கு நடந்தபோது அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டேன். அந்தக் கம்பெனி ஆட்கள் யார் சீட்டைக் கொண்டுவந்தாலும் மாத்திரை கொடுக்கச் சொல்லி டாக்டர் எனக்குப் போன் செய்தார் என்று சொன்னேன். போன் வரவே இல்லை. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. கோர்ட்டு நம்புவதற்காக அதையே மெடிக்கல் கவுன்சிலுக்கும் போன வருடக் கடைசியில் புகாராக எழுதினேன். அவர் ஆஸ்பத்திரியில் மார்பினை நிறுத்திவிட்டார்கள் என்று அப்போதே கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நீ ஜூலையில் கேட்டபோது, பக்கத்தில் இடம் இல்லை என்று எழுதினேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லாமல் செய்தது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. அனுமதி திரும்பக் கிடைத்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று சொல்ல முடியவில்லை. அப்பீலும் அந்தப் போன் கதையின் மேல்தான் நிற்கிறது.

மருதாசலம்


திருப்பூர்,
8-10-2024

அண்ணனுக்கு,

அம்மா நலம். நான் இல்லை.

அம்மாவுக்கு வலி ஆரம்பித்தது பிப்ரவரி. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன். ஏழு கிலோமீட்டரில் இருந்த அலமாரி உங்களால் காலியாக இருந்தது. அந்த ஐந்து மாதத்தையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அம்மா மட்டுமா? அந்தப் பதிவேட்டில் டிசம்பர் வரை எழுதியிருந்த பெயர்களில் பாதி ஜூலைப் பக்கத்தில் இல்லை. அவர்கள் எப்படிப் போனார்களோ. எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபத்துக்கு வார்த்தை எழுதி இரண்டு தடவை அடித்துவிட்டேன்.

டாக்டரிடம் போய், புகார் செய்தது என் அண்ணன்தான் என்று சொன்னேன். "தெரியும்மா. முகவரி சொன்னப்பவே தெரியும்" என்றார். தெரிந்தும் ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். நான் எதையாவது கேட்காமல் விட்டிருக்கிறேனா? "வலி உங்கண்ணனுக்கா இருக்குது? அம்மாவுக்குத்தான இருக்குது" என்றார்.

இன்னொன்று கேளுங்கள். விசாரணை இன்னும் முடியவில்லை. நவம்பர் இருபதாம் தேதி கவுன்சிலில் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் புகாரை நம்பினால் அவர் பெயரை டாக்டர்கள் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடலாமாம். அப்புறம் அவர் எழுதும் சீட்டு, நீங்கள் எழுதினால் எப்படியோ, நான் எழுதினால் எப்படியோ, அப்படித்தான். மார்பினும் போகும். முப்பத்திரண்டு பேர்.

உங்களை எதுவும் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. போன் கதையை விட்டுவிட்டால் அப்பீல் நிற்காது என்று எனக்கும் தெரியும். தை மாதம் நீங்கள் வருவீர்கள் என்று அம்மா நாள் எண்ணுகிறார். அம்மாவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதை இதில் எழுத மாட்டேன்.

அனிதா


சேலம்,
23-10-2024

கண்ணு அனிதாவுக்கு,

நலம். இந்த வார்த்தையை ரொம்ப நாளைக்குப் பிறகு உண்மையாக எழுதுகிறேன்.

கவுன்சிலுக்கு எழுதிவிட்டேன். போன் வரவில்லை, டாக்டர் சித்ரகலா ஒச்சம்மாளுக்குப் பத்து மாத்திரை மட்டுமே எழுதினார், மறுபடி கொடுக்கச் சொல்லி எழுத்திலும் வாயிலும் அவர் சொன்னதில்லை, எட்டு மாதம் நானாகக் கொடுத்தேன் என்று எழுதினேன். கைதி எழுதினால் அது செல்லுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது போல. கண்காணிப்பாளரிடம் கேட்டேன். அவர் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவரும் சான்று போட்டால் செல்லும் என்றார். இரண்டும் ஆயிற்று. பதிவுத் தபாலில் போய்விட்டது.

வக்கீல் வந்து கத்திவிட்டுப் போனார். ஒரு பிரதியை அப்பீல் கோர்ட்டுக்கும் அனுப்பச் சொன்னேன். "அப்ப நான் எதுக்குங்க வாதாடறது?" என்றார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

டாக்டருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டால் அது எனக்காகக் கேட்பதாக இருக்கிறது. எழுதாமல் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. டிசம்பரில் நானே போனில் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணன்,
மருதாசலம்


திருப்பூர்,
16-12-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருங்கள். இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. அம்மா உங்கள் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டர் மேல் இருந்த விசாரணையை முடித்துவிட்டார்கள். தப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மார்பின் அனுமதியும் நிரந்தரமாகிவிட்டது. உங்கள் பெயரை எடுத்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சேலத்துல குளிர் எப்படிம்மா?" என்று மட்டும் கேட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அப்பீல் தள்ளுபடியானதை வக்கீல் சொன்னார். அம்மாவிடம் நீங்களே போனில் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை போன் வந்தபோது உங்களால் முடியவில்லை என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. "பையன் குரலு சரியில்லையே" என்றார். அதனால் நானே சொன்னேன். லேமினேஷன் சீட்டிலிருந்து ஆரம்பித்து, புகார், காலி அலமாரி, நீங்கள் எழுதிய வாக்குமூலம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஐந்து மாதம் யாரால் என்பதையும் சொன்னேன். அதை மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அம்மா ஸ்வெட்டரின் கையில் தொங்கிய ஒரு நூலை இழுத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அப்ப அவன் எப்பத்தான் வருவான்?" என்றார். முழுத் தண்டனையும் முடிய வேண்டும், இன்னும் ஒரு வருடம் நான்கு மாதம் என்றேன். டாக்டர் என்னிடம் சொன்ன கணக்கு அதில் கால்வாசிகூட இல்லை. அம்மாவுக்கும் அது தெரியும். அவரே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார், என்னைப் பெற்றவர்தானே.

"ஒரு வருசம் நாலு மாசம்" என்று அம்மா திருப்பிச் சொன்னார். "அதுவரைக்கும் அந்த டாக்டரம்மா எனக்கு மாத்திரை எழுதிக் குடுப்பாங்களான்னு கேட்டுட்டு வா கண்ணு."

இன்று காலை போய்க் கேட்டேன். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். "பதினாலு நாளைக்கு மேல எழுத எனக்கு அனுமதி இல்லைம்மா. பதினாலு பதினாலு நாளா எழுதிட்டே போவோம்னு அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றார்.

உங்கள் தங்கை,
அனிதா